வேண்டாம் என்று சொல்லும் மரியாதை

என் தம்பியின் மனைவிமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நேர்ந்துகொள்ளவும் இல்லை. இதை எழுதப்போகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ மச்சாள், என்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாள். நான் அவளுக்கு மச்சாள், அவளும் எனக்கு மச்சாள். யாருடைய பேரையும் போடவில்லை. நான் படித்தது கொஞ்சம். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், சொல்லவந்த விசயத்தில் பிழை இல்லை.

பிரெஞ்சு கதைக்கிற இந்தப் பனி ஊரில், கோட்-டெ-நெய்ஜ் பக்கம், தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். தம்பிக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மச்சாளுக்கு சென்ட் லோரன்டில் மருந்துக் கொம்பனியில் பெட்டி அடுக்கும் வேலை. விடியமுன் பஸ் எடுப்பாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டிவருவதும் என் பாடு. ஒரே பிள்ளை, பெண் பிள்ளை, பத்து வயது. கலியாணம் கட்டிக் கனகாலம் இல்லாமல் இருந்து, வயிற்றில் வந்தவையும் தங்காமல் போய், பிறகு பிறந்தவள்.

அந்தப் பிள்ளையின் வாயால்தான் எங்கள் வீடு இந்த ஊரில் கதைக்கிறது. எனக்குப் பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும் தெரியும். மச்சாளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. பார்மசியில் என் பிரஷர் குளிசையின் நிறம் மாறியிருந்தால், ஏன் மாறினது என்று மேசைக்கு மேலாக எட்டிக் கேட்டு எனக்குச் சொல்பவள் அவள். பனிக்காலத்தில் வீட்டுச் சூடு வேலை செய்யவில்லை என்றால், கட்டடம் பார்க்கிறவரிடம் போய் மரியாதையாகவும் விடாமலும் சொல்பவள் அவள். கீழ் வீட்டுச் சனமும் வாசலில் வந்து நின்று, "பிள்ளை நிக்கிறாவோ, ஒருக்கா இதை வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ" என்று கேட்கும்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டால் மச்சாளுக்குப் பொறுக்காது. பொறாமை இல்லை, பயம். புகழ்ந்த வாயால் நாவூறு பட்டுவிடும் என்ற பயம். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒருத்தி, "பிள்ளை நல்ல வடிவாய் வளர்ந்திட்டாள்" என்றால், "எங்கை, தின்னத்தான் தெரியும்" என்பாள். பாட்டுப் பாடினாள் என்றால், "அது பாட்டோ, காகம் கத்தினது" என்பாள். சொன்னவளும் சிரிப்பாள், கேட்டவளும் சிரிப்பாள். நடுவில் பிள்ளை கையில் கேக்கை வைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் சனம் எல்லாம் இப்படித்தான். பிள்ளையைத் தாழ்த்திச் சொல்வதுதான் பிள்ளைக்குக் காவல் என்று நினைக்கிற சனம். நானும் இதைக் கேட்டே வளர்ந்தவள்தான். அதற்காக அது சரியாகிவிடாது.

இதில் பகிடி என்னவென்றால், இலையுதிர் காலத்தில் எங்கள் சனத்தின் மண்டபத்தில் தாய்மாருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். மச்சாள் போய்வந்து, பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வேணுமாம், இல்லாவிட்டால் பெரிய ஆளானாலும் தலை நிமிராதாம் என்று சோறு பரிமாறிக்கொண்டே எனக்கு விளக்கம் சொன்னாள். அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே அவள்தான்.

பனி விழத் தொடங்கிய பிறகு பள்ளிக்கூடத்தில் தாய் தகப்பனைக் கூப்பிட்டார்கள். தம்பிக்கு வேலை. மச்சாளும் நானும் பிள்ளையும் போனோம். வகுப்பு டீச்சர் நல்ல மனிசி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களை உட்காரவைத்து, பிள்ளையைப் பக்கத்தில் நிற்பாட்டி, நான் சொல்வதை அம்மாவுக்குச் சொல், அம்மா சொல்வதை எனக்குச் சொல் என்றாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளையைப் பற்றிக் கதைக்க, அந்தப் பிள்ளையையேவா பிடிப்பது?

டீச்சர் நிறையச் சொன்னார். பிள்ளை காது சிவக்கச் சிவக்கத் தமிழில் சொன்னாள். மார்கழியில், பள்ளி லீவுக்கு முன், வகுப்பு ஒரு நாடகம் போடுகிறது. அதில் மேடை ஓரத்தில் தனியாக நின்று கதையைச் சொல்லிக்கொண்டு போகிற ஆள் ஒன்று வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பங்கு. வகுப்பில் வடிவாய், தெளிவாய்க் கதைக்கிறவள் இவள்தான் என்று டீச்சருக்கு விருப்பம். சனிக்கிழமைகளில் பழக வரவேணும், அம்மாவுக்குச் சம்மதமோ என்று கேட்கிறார். இதைச் சொல்லி முடிக்கும்போது பிள்ளை குதிக்காலை மேலே தூக்கித் தூக்கி நின்றாள். எப்படி ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. பெற்றவளுக்கும் தெரிந்திருக்கும்.

மச்சாள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இவளோ? இவள் வீட்டிலதான் வாய். ஆக்களுக்கு முன்னால ஊமைக்கோட்டான். இவளை விட்டால் நாடகம் நாறிப்போகும். வேற ஆரும் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லு."

பிள்ளையின் குதிக்கால் கீழே வந்தது. தாயைப் பார்த்தாள். "சொல்லன்" என்றாள் தாய். பிள்ளை டீச்சரின் பக்கம் திரும்பிச் சொன்னாள். தட்டாமல், தடுக்காமல், வகுப்பிலே பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. டீச்சரின் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். அவர் குனிந்து பிள்ளையிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். பிள்ளை இல்லை என்று தலையாட்டினாள். அதோடு பேச்சு கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது.

பிள்ளைக்கும் வேற்று மனிசிக்கும் முன்னால் தாயை மறித்துக் கதைப்பது முறையில்லை என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மச்சாள் சந்தோசத்தில் பறந்தாள். ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் எடுத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டீச்சர் இப்படிப் புகழ்ந்தா, அப்படிப் புகழ்ந்தா என்று சொன்னாள். பிறகு பிள்ளையைக் கிழக்குப் பார்த்து இருத்தி, உப்பும் செத்தல் மிளகாயும் தலையைச் சுற்றி எடுத்து, அடுப்பில் சட்டியை வைத்துப் போட்டாள். புகை எழும்பி, கூரையில் இருக்கிற புகை மணி அடிக்கத் தொடங்கியது. நான் கதிரையில் ஏறமுடியாமல் தும்புத்தடியால் அதைக் குத்த, எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்ட, ஒரே அமளி. பிள்ளை மட்டும் இருத்திய இடத்தை விட்டு எழும்பவில்லை. "நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டாள். தாய் இருமிக்கொண்டே யன்னலைத் திறக்கப் போனாள்.

சில நாள் கழித்து, பள்ளிக்கூடத்தால் வந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் நாடகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அது வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, மாமி."

"ஏன் குஞ்சு?"

"அம்மா வேண்டாம் எண்டவ தானே."

"நீ டீச்சர் மடாமுக்கு என்ன சொன்னனீ?"

"அம்மா சொன்னதைச் சொன்னன். ஊமைக்கோட்டானுக்குப் பிரெஞ்சில சொல்லுத் தெரியாது. கதைக்கத் தெரியாத குருவி எண்டு சொன்னன். நாடகம் மணக்கும் எண்டும் சொன்னன்." கொஞ்ச நேரம் பாணைப் பிய்த்தாள். "எனக்கு விருப்பமோ எண்டு மடாம் மெல்லக் கேட்டவ, இல்லை எண்டன். அம்மாவுக்குத்தானே என்னைத் தெரியும்."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை கொதித்தது. வீடு முழுக்கக் கதைக்கிற அந்த வாயைக்கொண்டே, இதற்குக் கதைக்கத் தெரியாது என்று சொல்லவைத்திருக்கிறாள். பிள்ளையும் அதை நம்பிவிட்டது.

மச்சாள் வேலையால் வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றபோது விசயத்தைச் சொன்னேன். கத்தி நின்றது. அவள் உண்மையாகவே திடுக்கிட்டாள்.

"குடுத்திட்டாவோ? மச்சாள், அவ இன்னொருக்காக் கேட்பா எண்டெல்லோ நினைச்சன். ஒருக்கா வேண்டாம் எண்டால் உடனே விட்டிடுறதோ? என்ன மனிசர் இவை?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எங்கள் வீடுகளில் சாப்பிடக் கேட்டால் வேண்டாம் என்போம், இருத்திவைத்துப் பரிமாறுவார்கள். இன்னும் போடவோ என்றால் போதும் போதும் என்போம், போடுவார்கள். வேண்டாம் என்பதும், பிறகும் வற்புறுத்துவதும் இரண்டு பக்கத்து மரியாதை. இவள் அந்த மரியாதையைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மேசையில் வைத்திருக்கிறாள்.

"அவ உமக்கு இடியப்பம் பரிமாறவே வந்தவ?" என்று கேட்டேன். "கேட்டா. வேண்டாம் எண்டீர். எடுத்துக்கொண்டு போயிட்டா."

"நான் உடனே ஓம் எண்டால் என்ன நினைப்பா? பிள்ளையை வைச்சுப் பெருமை அடிக்கிறம் எண்டெல்லோ நினைப்பா. அதோட கண்ணூறு…"

"கண்ணூறு மற்றவையின்ர கண்ணில இருந்து வரும் எண்டு பயப்பிடுறீர். உம்மட வாயில இருந்து வந்ததை ஆர் கழிக்கிறது?"

மச்சாள் அழுதாள். வெங்காயத்தின் பேரில் அழுதாள் என்று வைத்துக்கொள்வோம். தங்காமல் போன பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். ஆனாலும் நான் இளகவில்லை. பயம் அவளுடையது. அதைப் பிள்ளையின் தலையில் ஏன் இறக்கவேண்டும்? தம்பி வந்து கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளின்ர நாடகம்தானே, இதுக்கேன் இந்தச் சண்டை என்று சிரித்தான். அவனுக்கும் தனியாக வைத்து நல்ல ஏச்சுக் கொடுத்தேன். அதை இங்கே எழுத இடம் காணாது.

அடுத்த நாள் மச்சாள் வேலையால் நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வரவேண்டும் என்று சொன்னேன். போய்ச் சொல்லவேண்டியதைத் தமிழில், பிள்ளைக்கு முன்னால் சொல்லவேண்டும். வால் வைக்காமல் சொல்லவேண்டும்.

வந்தாள். கொம்பனி அட்டை கழுத்தில் தொங்க, சப்பாத்தில் தெருவில் கொட்டுகிற உப்புப் படிந்த பனியோடு வந்தாள். டீச்சர் வெளியே வந்ததும், "மடாமுக்குச் சொல்லு" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இவள் நல்லாக் கதைப்பாள். இவளுக்கு ஏலும். நான் அண்டைக்குச் சொன்னது சரியில்லை." பிறகு, "ஆனா" என்று இழுத்தாள். நான் தொண்டையைச் செருமினேன். அந்த "ஆனா" அவ்வளவில் நின்றது.

பிள்ளை மொழிபெயர்க்கவில்லை. தாயை நிமிர்ந்து பார்த்து, "இதைச் சொல்லட்டோ?" என்று கேட்டாள். தாழ்த்திச் சொன்னதை ஒரு மூச்சில் சொன்ன பிள்ளை, நல்லதைச் சொல்ல அனுமதி கேட்டது. அந்த இடத்தில் பனிக்குள் நின்று எனக்கு வியர்த்தது.

"சொல்லு" என்றாள் தாய்.

சொன்னாள், மெல்லிய குரலில். அந்தப் பங்கைக் கொடுத்த பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்கமுடியாது என்றார் டீச்சர். அது நியாயம். ஆனால் நாடகம் தொடங்கமுன் திரைக்கு முன்னால் வந்து நின்று, வந்தவர்களை வரவேற்றுக் கதைக்க ஒரு ஆள் வேண்டும், சின்னப் பங்குதான், செய்கிறாளா என்று கேட்டார். மச்சாளின் வாய் பழக்கத்தில் வேண்டாமுக்குத் திறந்ததை நான் கண்டேன். எப்படியோ அதைத் திருப்பி, "ஓம்" என்றாள். ஒரே தரத்தில் அவள் ஓம் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

பஸ்ஸில் தாய்க்கு இடம் கிடைத்துக் கண் அயர்ந்துவிட்டாள். பிள்ளை என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நீங்கள் சொல்லச் சொல்லித்தானே மாமி அம்மா அப்பிடிச் சொன்னவ?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "ஓம். நான்தான் சொல்லச் சொன்னனான். ஆனா பொய்யெண்டால் கொம்மா சொல்லியிருக்கமாட்டா" என்றேன். பிள்ளை யோசித்தாள். கம்பியை மற்றக் கையால் மாற்றிப் பிடித்தாள். ஒரு மாலையில் உடைத்ததை ஒரு மாலையில் ஒட்டிவிடலாம் என்று யாரும் நினைத்தால், அவர்கள் பிள்ளை வளர்க்காதவர்கள். நான் பெறாதவள். எனக்கே அது தெரிகிறது.

நாடகத்துக்கு எல்லோரும் போனோம், தம்பியும் லீவு எடுத்து வந்தான். மச்சாள் மண்டபத்துக்குள்ளும் கோட்டுப் பையில் இருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே கடதாசியில் சுற்றிய உப்பும் மிளகாயும் இருந்தது எனக்குத் தெரியும், மணத்தது. வைத்திருக்கட்டும். பயத்தைப் பையில் வைத்திருக்கட்டும், வாயில் வைக்காமல் இருந்தால் சரி.

பிள்ளை திரைக்கு முன்னால் வந்து நின்றாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கடைசி வரிசை வரை கேட்டது. ஒரு இடத்தில் சனம் சிரித்தது. சிரித்து முடியுமட்டும் பொறுத்து நின்றுவிட்டுத் தொடர்ந்தாள். அதை ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

முடிந்ததும் டீச்சர் எங்களைத் தேடி வந்து ஏதோ சொன்னார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "நான் நல்லாச் செய்தனானாம்." பிறகு அப்படியே நின்றாள். எதற்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். காகம், ஊமைக்கோட்டான், தின்னத்தான் தெரியும் என்று அடுத்து வரப்போவதற்காகத் தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு நின்றாள். பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருக்கலாமா? இதைத்தான் நான் கேட்கிறேன். இதற்குத்தான் எனக்குக் கோபம்.

மச்சாளின் கை கோட்டுப் பைக்குள் கடதாசியை நெரித்தது. நான் செருமவில்லை. என் வேலை அதில்லை, அன்றைக்கு.

"ஓம்" என்றாள். "நான் பார்த்தனான். நல்லாச் செய்தனீ."

பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்தாள், வேறு ஏதும் வருகிறதோ என்று. வரவில்லை. தோள் இறங்கியது. பிறகு, யாரும் சொல்லச் சொல்லாமலே, டீச்சரின் பக்கம் திரும்பி, தாய் சொன்னதை அவருக்குச் சொன்னாள்.