ஒரு வாரம் முந்தி வந்த தபசு

1957ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. நான் அங்கே தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருபத்திரண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே தகரக் கூரை போட்ட சிறு கோயில் ஒன்று இருந்தது. சாமியார் டவுனிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும் திருநாள்களை முன்கூட்டி அறிவிப்பதும் என் பொறுப்பு.

வழக்கமாக மார்கழியிலேயே சாமியார் கோயில் காலண்டர் ஒன்று கொடுத்துவிடுவார். அந்த முறை பழைய சாமியார் மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார், அந்த இடைவெளியில் காலண்டர் வரவில்லை. ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை. ஈஸ்டர் என்னும் பாஸ்காத் திருநாளைக் கணக்கிடும் விதி எனக்குத் தெரியும் என்ற எண்ணம்தான் காரணம். மார்ச் 21க்குப் பிறகு வரும் பௌர்ணமி, அதை ஒட்டிய ஞாயிறு. தோட்டத்து ஆள்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணியின் வீட்டில் பஞ்சாங்கம் இருந்தது. அவர் சைவர், நாள் நட்சத்திரம் பார்க்காமல் காலடி எடுத்து வைக்கமாட்டார். அவரிடம் கேட்டுப் பார்த்தேன். ஏப்ரல் 14, சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமையே பௌர்ணமி. அதுவே பாஸ்கா என்று முடிவு செய்து, நோன்பு நாற்பது நாளும் அதில் சேராத ஆறு ஞாயிறுமாக நாற்பத்தாறு நாள் பின்னோக்கி எண்ணி, தபசு என்ற அந்த நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதன் பெப்ரவரி 27 என்று டயரியில் எழுதினேன். மூன்று முறை எண்ணிச் சரிபார்த்தேன். எண்ணியது சரிதான், விதியில்தான் பாதியை மறந்திருந்தேன்.

பெப்ரவரி 10ஆம் தேதி ஞாயிறு செபத்துக்குப் பிறகு கோயிலில் இந்த நாளை அறிவித்தேன். அன்று மாலையே மேல் டிவிஷனிலிருந்து ஒரு விதவைத் தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய ஒரே மகன் என் பழைய மாணவன், கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தான். எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்தத் தாய்க்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. தன் தம்பி குடும்பத்தோடு திருச்சிப் பக்கம் ஊருக்கே திரும்ப முடிவாகி, மார்ச் 15 வெள்ளிக்கிழமை கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. போனால் திரும்பி வருவது இல்லை. அதற்குள் மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

எங்கள் சபையில் தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்க வேண்டும். டவுன் கோயிலில் 17ஆம் தேதி முதல் ஓலை, 24 இரண்டாவது, மூன்றாவது மார்ச் 3. என் கணக்குப்படி அதற்குள் தபசு தொடங்கிவிடும்.

"வேற வழியே இல்லீங்களா, வாத்தியாரே?" என்று கேட்டார்.

நான் கணக்கு எழுதிய தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "கணக்கு கணக்குத்தான் அம்மா. உங்களுக்காகவோ எனக்காகவோ மாறாது" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவர் தாளை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி எழுந்து போனார். தொடங்கவிருந்த ஓலையை வாசித்து முடிப்பது, கல்யாணத்தைப் பாஸ்காவுக்குப் பிறகு தாய் இல்லாமலே நடத்துவது என்று பேசிக்கொண்டார்கள்.

27ஆம் தேதி புதன்கிழமை. வேலை முடிந்து எல்லோரும் மாலையில் கோயிலுக்கு வந்தார்கள். சாம்பல் பூச சாமியார் வேண்டும். அவர் ஞாயிறன்று வருவார், அன்று பூசிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அன்றிலிருந்தே எல்லோரும் ஒருசந்தி இருந்தார்கள். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு. மலைச் சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. காலை ரொட்டியை விட்டார்கள். இறைச்சியை விட்டார்கள். ஒருவர் பீடியையும் விட்டார்.

மார்ச் 3 ஞாயிறு. புதிய சாமியார் வந்து பூசை வைத்தார். தபசுக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கும் தபசுக்குரிய ஊதா நிற உடுப்புதான் என்பதால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பிரசங்கத்தின்போது மூன்றாவது ஓலையை வாசித்தார். பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து பீடத்துக்கு முன்னால் முழந்தாள் போட்டார்கள். நான் போன வருஷத்துக் குருத்தோலையை எரித்துச் சலித்து வைத்திருந்த சாம்பலை ஒரு வெண்கலத் தட்டில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

சாமியார் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எதுக்கு இன்னைக்கே? புதன்கிழமைதானே சாம்பல்?"

"புதன்கிழமை முடிந்துவிட்டதே, சாமி. பெப்ரவரி 27" என்றேன்.

"இல்லையே. வருகிற புதன். மார்ச் 6."

நான் விடவில்லை. பௌர்ணமியைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தாமல், பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தால் பாஸ்கா அதற்கு அடுத்த ஞாயிற்றுக்குப் போய்விடும் என்றார். அந்தக் கணமே எனக்கு நினைவு வந்துவிட்டது. படித்ததுதான். தட்டைப் பீடத்தின் படியில் வைத்தேன்.

பிறகு முன்வரிசையில் முழந்தாளில் இருந்தவர் வாயைத் திறந்தார். பீடியை விட்டவர்தான்.

"சாமி, நான் புதன்கிழமையிலருந்து பீடியத் தொடல. அது செல்லுமா, செல்லாதா?"

கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்துவிட்டார். "செல்லும், செல்லும். ஆனா புதன்கிழமை மறுபடி விடணும்."

"அப்ப நடுவுல ரெண்டு நாள் இருக்குங்களே!" என்று அவர் எழுந்த வேகத்தில் இன்னும் பெரிய சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையைப் பார்த்தேன். அந்தத் தாய் முழந்தாளிலேயே இருந்தார். அவருக்கு மற்றவர்களைவிட முன்னாலேயே விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. மூன்று ஓலையும் முடிந்தது. தபசு புதன்கிழமைதான். நடுவில் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் இருக்கிறது.

சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாணத்தைத் தள்ளி வைத்தது வீட்டார் விருப்பம் என்று அல்லவா நினைத்தேன்!" என்றார். செவ்வாய்க்கிழமை காலை தாமே மறுபடி வந்து கல்யாணத்தை நடத்தி வைப்பதாக உடனே ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது அந்தத் தாய் வாசலில் நின்றார்.

"மூணு வாரமா அழுதேனே, வாத்தியாரே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, இப்பிடியே நின்னா எப்பிடி? மாப்பிள்ளைய யாரு கூட்டியாறது? பஸ்ஸுக்கு ஓடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தந்தி அடிக்க வழியில்லை. நானே கிளம்பினேன். போகிற வழியில் மணப்பெண்ணின் லயத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவளும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தலையை நிமிர்த்தாமல், "ஒருக்கா மறுபடி எண்ணிப் பாத்துட்டீங்களா, சார்?" என்று கேட்டாள். அவள் தாயார், "ஏண்டி, வாத்தியாரையே கிண்டல் பண்றியா?" என்று அதட்டினார். அவர் வாயிலும் சிரிப்பு இருந்தது.

பஸ் மாறி மாறி, கந்தப்பளை போய்ச் சேர மாலை ஐந்தாகிவிட்டது. மணமகன் தொழிற்சாலைக்குப் பின்னால் குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சொல்லி முடித்ததும், "நானும் யோசிச்சேன் சார். இங்க கோயில்ல போன புதன்கிழமை சாம்பல் பூசல" என்றான்.

"அப்படியானால் ஏன் எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை?"

அவன் நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டதுபோலப் பார்த்தான். "நீங்க கணக்குப் போட்டுச் சொன்னீங்கன்னு அம்மா சொல்லிவிட்டிச்சு. இங்க உள்ளவங்கதான் தப்பா வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

அன்று காலை கோயிலில் அத்தனை பேர் முன்னால் பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை என்று ஆயிற்று. ஒரு கோயிலும் அதன் சாமியாரும் தப்பு, வாத்தியார் சரி என்று நம்பி, தன் தாய் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள அந்தப் பையன் தயாராக இருந்திருக்கிறான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பழைய மாணவனிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் தடவை. அவன் பதறிப்போய், "விடுங்க சார், விடுங்க சார்" என்று சொல்லி எனக்குத் தேநீர் வாங்க ஓடினான்.

மறுநாள் மதியம் அவனோடு தோட்டம் திரும்பினேன். முன்கூட்டிச் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு நான் போகாத நாள் அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். அவன் தாய் எங்களை உள்ளே உட்கார வைத்துச் சோறு போட்டார். கோழிக் குழம்பு. நான் தயங்கினேன்.

"நோன்பு இல்லன்னு சாமியே சொல்லிட்டாருல்ல? சாப்பிடுங்க. ஊருக்குப் போறதுக்கு முன்ன அடிக்கலாம்னு இருந்தேன். நீங்க தபசுன்னு சொன்னதும் தப்பிச்சுக்கிச்சு. உங்க கணக்கால பொழைச்ச கோழி, உங்க கணக்காலயே சட்டிக்குப் போயிருச்சு."

இதற்குள் தோட்டம் முழுவதும் கதை பரவியிருந்தது. செவ்வாய்க்கிழமை கிறிஸ்தவர்களுக்கு ஒரு நாள் லீவு தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கித் தந்தவர் பெரிய கங்காணி. சமையலுக்குத் தன் வீட்டு அண்டாக்களையும் அனுப்பி வைத்தார். ஆனால் அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு நன்றி சொல்லப் போன என்னை, ஆள்கள் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, சும்மா விடவில்லை.

"என்ன வாத்தியாரே, உங்க சாமிக்கே நீங்க நாள் குறிச்சுக் குடுத்தீங்களாமே? பஞ்சாங்கம் பாக்கணும்னா முழுசாப் பாக்கணுங்க. பாதியோட எந்திரிச்சுப் போயிட்டு என் பஞ்சாங்கத்தக் குத்தம் சொல்லாதீங்க."

பெரட்டு கலைகிற வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

கல்யாணம் காலை பத்து மணிக்கு. தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மோதிரம் மாற்றும்போதும் அவர் அழவில்லை. கண்ணை இமைக்காமல் பார்த்தார். ஒவ்வொன்றையும் ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிறவரைப் போல. சாப்பாடு பொழுது சாய்வதற்குள் முடிந்தது. மறுநாள் புதன்கிழமை எல்லோரும் மறுபடி ஒருசந்தி தொடங்கினார்கள். அந்த வருஷம் எங்கள் தோட்டத்துத் தபசு நாற்பது நாளைவிட நாலு நாள் கூடுதல். "நாலு நாள் வீணாப் போச்சே" என்று ஒருவர்கூட என் காதுபடச் சொல்லவில்லை. நானே ஒரு பெண்மணியிடம் அதைச் சொல்லி வருந்தியபோது, "அந்த ஆத்தா கல்யாணத்தைப் பாத்துச்சுல்ல, அதுக்கு அந்த நாலு நாளுன்னு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 15 அன்று அந்தத் தாய் ரயில் ஏறினார். இப்போது எட்டு வருஷமாகிறது. ஒவ்வொரு தை மாதமும் திருச்சிப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வரும், யாரையோ கொண்டு எழுதுவித்தது. பேரப்பிள்ளைகளை விசாரித்துவிட்டு, கடைசி வரியில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்: "வாத்தியாரே, இந்த வருசம் சாம்பல் புதன் என்னைக்கு?" அவர் வீட்டுக்கு எதிரிலேயே கோயில் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் சாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பதில் எழுதுகிறேன். என் பேச்சை நம்பிப் பட்டினி கிடக்கக்கூடிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயத்தைக்கூட இன்னொருவரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை.