நூலால் செய்த கார்

மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் போர்க்காலத்தில் கண்டி–யாழ்ப்பாண வீதியோரம் குடியிருந்திருக்க மாட்டார். பலாபத்வலவில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து நானும் கணவரும் இருந்தோம். என் மடியில் இருந்ததெல்லாம் ஒரு கம்பியூட்டர்தான். அதற்குள் நாள் முழுவதும் கார்களைச் சுவரில் மோதவிட்டுக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் செய்த வேலை அது. காரின் பம்பருக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கும். மோதும்போது அடியைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டியது அது. இரும்புக் குழாய் என்றால் மடிந்து மடிந்து சுருங்கும். என்னுடையது காபன் ஃபைபர். கறுப்பு நூலைத் துணியாக நெய்து, பசை ஊற்றி, அடுக்கடுக்காக ஒட்டி இறுக வைத்தது. அது மடியாது, உடையும். ரஸ்க் உதிர்வதுபோல நுனியிலிருந்து உதிர்ந்துகொண்டே வந்தால் ஆள் பிழைப்பார். நடுவில் படக்கென்று முறிந்தால் ஆள் முடிந்தார். எது நடக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் ஆராய்ச்சி. ஆனால் திரையைப் பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியுமா? ஒரு வாகனம் வருகிறது, மோதுகிறது, சிதறுகிறது. வாகனக் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் சந்தேகப்பட அது போதும்.

கணவர் யாழ்ப்பாணத்தவர், அரசாங்க நில அளவையாளர். போர் எல்லையோரம் வில்கமுவப் பக்கம் வேலைக்குப் போனாரென்றால் திரும்பும்வரை வீதியையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் மாத்தளையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என்னை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. அவரைத்தான் சந்திக்குச் சந்தி கேட்டார்கள்.

ஒரு பின்னேரம் பொலிஸார் மாடியேறி வந்தார்கள். நேரே கம்பியூட்டர் முன்னால் போய் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கார் சுவரில் மோதிச் சிதறியது. இது என்ன என்று கணவரைக் கேட்டார்கள். பதில் சொன்னது நான். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. வாக்குமூலம் எடுக்கத்தான் என்று சொல்லி அவரையும் கம்பியூட்டரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாக்குமூலம் கொடுக்கப் போய்த் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும்.

யார் சொல்லியிருப்பார்கள்? கீழ்வீட்டுச் சிங்கள அம்மா புதுவருஷத்துக்குப் பால்சோறு கொண்டுவந்தபோது திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்; அதற்குப் பிறகு மாடிக்கு வரவேயில்லை. எதிர்க் கடைக்காரர் "அண்ணன் இன்னும் வரலீங்களா?" என்று தினமும் விசாரிப்பார். அதுவரை அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெள்ளைப் பால்சோறுகூடப் பேயாகத் தெரிந்தது.

மறுநாள் காலை பொலிஸுக்குப் போனேன். கணக்குத் தெரிந்தவர் என்று ஓர் இளம் அதிகாரியை வரவழைத்திருந்தார்கள். கம்பியூட்டரைப் போடச் சொன்னார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான். திரையில் ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தடிப்பு அளந்தது, பலம் சோதித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓர் இலக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கணக்குக்காகக் குழாயைப் பிரித்த சின்னத் துண்டுகளில் ஒன்று உடைந்ததும் அதற்கு அடுத்த துண்டின் பலத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்லும் இலக்கம் அது. அதற்குத் தாயுமில்லை தகப்பனுமில்லை. எந்த ஆய்வுகூடத்திலும் அளக்க முடியாது. நிஜக் குழாயை உடைத்துப் பார்த்த முடிவோடு கணக்கு ஒத்துவரும்வரை நாமே கூட்டிக் குறைப்போம். தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பொய் சொல்லப் பயந்து, இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

"அப்படியென்றால், முடிவை முதலில் வைத்துக்கொண்டு பிறகு அதற்குக் கணக்குச் செய்கிறீர்களா?" என்றார் அதிகாரி.

நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. கணவர் உள்ளே இருந்தார். விழுங்கிக்கொண்டேன்.

அந்த இலக்கத்தை மாற்றிக் காட்டச் சொன்னார். மாற்றினேன், குழாய் நடுவில் முறிந்தது. பழையபடி போட்டேன், நுனியிலிருந்து உதிர்ந்தது. அவர் திரையைவிட என் விரல்களையே கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸுக்கு எந்த ஊர்?"

"இங்கேதான் சேர். மேலே தோட்டம்."

"அந்த ஆளுக்கு இதில் ஒன்றும் தெரியாதா?"

"அவருக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது சேர்."

சிரித்துவிட்டார். தோட்டத்துப் பெண்ணால் என்ன செய்துவிட முடியும் என்று முடிவுகட்டியது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அந்த இளக்காரத்துக்கு எத்தனையோ தடவை மனம் கொதித்திருக்கிறது. அன்றைக்கு அதுதான் என் புருஷனை எனக்கு மீட்டுத் தந்தது. சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது. கம்பியூட்டரை வைத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அவர் குளித்தார். சோறு போட்டேன், பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"என்னங்க, அடிச்சாங்களா?" என்றேன்.

"இல்லை. இரா முழுக்க ஒண்டைத்தான் கேட்டவங்கள். உன்ரை பெண்சாதி என்ன செய்யிறாள் எண்டு. நூலாலை கார் செய்யிறா எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சவங்கள். திருப்பித் திருப்பிச் சொல்லேக்கை எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டுது."

பிறகு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கீழ்வீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. அது உண்மையாவே காருக்குத்தானே?"

அந்த அதிகாரி முன்னால் வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"காருக்குத்தாங்க," என்றேன்.

"சரி," என்றார்.

அந்தச் சரியை நான் நம்பவில்லை.