பூசையில் இருந்த குறடு

காலை ஏழு ஐம்பது. அலுவலகச் சன்னல் வழியாக முதலில் கண்ணில் பட்டது விமானத்தின் வயிறு. மேலே எழுந்த மூக்கு கீழே திரும்பவில்லை. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு இடது இறக்கை சரிந்து ரப்பர் மரங்களுக்குள் விழுந்தது.

அன்று ஆயுத பூசை. மலாயாவில் கலும்பாங்குக்கு அருகே இருந்த அந்தத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, கணக்கெழுதுபவன். காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரர்களைச் சுட்ட அவசரகாலம், சாலையில் போகத் தோட்டத் துரைக்குப் பயம். பந்து மைதானத்தைச் சமன்செய்து, இருவர் அமரும் விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். கற்பிக்க ஒரு வெள்ளைக்காரர் கோலாலம்பூரிலிருந்து வருவார். பழுது பார்ப்பவர் எங்கள் ரப்பர் ஆலையின் பிட்டர்.

முந்தின நாள் அவர் வால் துடுப்பை இழுக்கும் வடத்தை மாற்றினார். வடத்தை இறுக்கும் திருகு அதிர்வில் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் கட்ட வேண்டும். அதற்குள் மாலை ஆறு. ஆறு மணிக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கிவிட்டால், விஜயதசமி காலைவரை எங்கள் ஆலையில் யாரும் தொடமாட்டார்கள்.

"ஐயா, நாளைக்குப் பறக்க வேணாம்னு தொரகிட்ட சொல்லிடுங்க. கம்பி கட்டல. குறடு பூசையில இருக்கு."

"குறட்டுக்கும் லீவா அண்ணே?"

"வருசத்துல ஒருநாள்தான் லா. உங்க பேனாவையும் கொண்டாந்து வைங்க, ஒழுங்கா எழுதும்."

பங்களாவில் விருந்து. படிவரை போனேன். விருந்துக்கு நடுவே கிராணி வந்து நிற்பது துரைக்குப் பிடிக்காது. பூசை நாளில் யார் பறக்கப்போகிறார்கள் என்று திரும்பிவிட்டேன். துரைக்கு ஏது பூசை?

துரையும் கற்பிக்க வந்தவரும் பிழைத்தார்கள், துரைக்கு ஒரு கால் போயிற்று. போன மாதம்தான் காட்டுக்காரர்கள் எங்கள் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கட்டாத திருகைப் பார்த்ததும் போலீஸ் அதிகாரி நாசவேலை என்றார்.

பிட்டரை அலுவலகத்தில் நிறுத்தி விசாரித்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்த்தது நான்.

"ஒங்ககிட்டதான ஐயா சொன்னேன். சொல்லுங்க ஐயா."

"என்ன சொல்கிறான்?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறான்."

வாக்குமூலத்தை என் பேனாவால் எழுதினேன். என்னை நம்பி அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் காவலில் வைத்துவிட்டு, சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி நாகப்பட்டினம் போகும் கப்பலில் ஏற்றினார்கள். அவர் பிறந்தது கலும்பாங்கில்.