தைலம்மாளின் விரல்

தைலம்மாளை எனக்குப் பிடிக்காது. அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். குமராட்சிப் பக்கம் ஒரே தெருவுக்கு வாழ்க்கைப்பட்டோம், ஒரே பண்ணையில் நாற்றுப் பறித்தோம், இரண்டு வருசம் முன்னே பின்னே தாலி அறுத்தோம். இரண்டு பேருமே கைநாட்டு. அவளுக்கு அறுபது வயது தாண்டிய பிறகு மகள் ரேகா, சிதம்பரத்தில் நர்ஸ் வேலைக்குப் போனவள், லீவு நாளில் அம்மாவை உட்கார வைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட்டாள். எனக்கு இருப்பது மகன். குடிகாட்டில் கம்பெனி வேலை முடிந்து வந்தால் தூங்குவான்.

நடவு வயலில் பாட்டெடுத்தவள் நான். இப்போது மிசின் நடுகிறது. நாங்கள் நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்டப் போகிறோம். மதியம் கஞ்சி குடித்ததும் எல்லாரும் தைலம்மாளைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். ரேகா வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகம். மாட்டோடு சேர்த்து ஆளையும் விற்ற காலத்தில், காட்டாயி என்றொருத்தி கைப்பிள்ளையோடு பண்ணையை விட்டுத் தப்பி ஓடுகிற கதை. வரிக்கு அடியில் விரலை நகர்த்தி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனாலும் ஒருத்தியும் இருமக்கூட மாட்டாள். என் பாட்டுக்கு யாரும் அப்படி அடங்கியதில்லை.

ஆடி மாதம் காட்டாயி கொள்ளிடத்தில் இறங்கினாள் என்று படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆடியில கொள்ளிடத்த எவடி நடந்து தாண்டுனா? எரும வாலப் புடிச்சாத்தான் அக்கரை போவ முடியும். எழுதுனவன் ஆத்தப் பாத்திருக்கானா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

“இருசம்மா, படிக்கத் தெரிஞ்சவ படிக்கிறேன். நீ வாய மூடிக்கிட்டுக் கேளு” என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலம் நான் கட்டைவிரலை உருட்டிவிட்டு வந்தேன். அவள் வருகை நோட்டில் கையெழுத்தை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கூடையிலிருந்த புத்தகத்தை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து, என் அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

மறுநாள் அவள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வயிறு குளிர்ந்தது. மூன்றாம் நாள் அது போய்விட்டது. அரிசி அள்ளும்போதெல்லாம் கை புத்தகத்தில் இடித்தது. காட்டாயி பிள்ளையோடு தண்ணீரில் நிற்கிறாளே, கரையேறினாளா? பிரித்துப் பார்த்தேன். எனக்கென்ன தெரியும்? மகனிடம் கேட்டால் ஏது புத்தகம் என்பான்.

ஐந்தாம் நாள் கஞ்சி வேளையில் அவள் மடியில் போட்டேன்.

“இந்தாடி. நாந்தான் எடுத்தேன். அவ கரையேறுனாளா இல்லியா, அதச் சொல்லு.”

“தெரியும். நீ எத ஒளிச்சாலும் அரிசிப் பானதான?”

“பின்ன ஏண்டி வந்து கேக்கல?”

“கத பாதியில நிக்கிதே, நீயே வருவன்னு இருந்தேன்.”

படிக்க ஆரம்பித்தாள். நான் அவள் விரலையே பார்த்தேன்.

“த-ண்-ணீர் இ-ழுத்-தது…” விரல் நின்றது. “அப்ப ஒரு எரும ஆத்துல எறங்குச்சி. காட்டாயி அது வாலப் புடிச்சிக்கிட்டா.”

எழுத்துக் கூட்டவில்லை, திக்கவில்லை, விரல் நகரவே இல்லை. அந்த எருமை புத்தகத்தில் இல்லை. என் வாயிலிருந்து வந்தது.

“இருசம்மா சொன்னாப்லயே இருக்குதே!” என்று எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

விரல் மறுபடி நகர்ந்தது. “க-ரை ஏ-றி-னாள்.”

ஏறினாளே, அது போதும். ஆனால் நான் சொன்னபோது சிரித்தவர்கள், அதே எருமையை அவள் சொன்னதும் நம்பிவிட்டார்கள். அது இன்னும் எனக்கு எரிகிறது.