கை தூக்கிப் பார்க்கச் சொன்ன அக்கா

அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் கடைசி அட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகித உறையைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். சாமி படமா, காலண்டரா என்று யோசித்தும் இருப்பீர்கள். இரண்டும் இல்லை. அது என்னவென்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் அவருடைய ஒரே தம்பி, எழுதிப் பழக்கமில்லாத தறிக்காரன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது சோமனூரில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்கள் விசைத்தறிகள் ஓடின, இன்றும் ஓடுகின்றன. வெளுக்காத, சாயமேற்றாத காடா துணிதான் எங்கள் சரக்கு. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அக்காவுக்குக் குரல் கொஞ்சம் பெரிது. அவரிடம் போனில் பேசியவர்கள் எல்லோரும் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தவர்கள்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், கோயம்புத்தூரில் ஃபேஷன் டிசைனிங் படிக்கப் போவதாக அறிவித்தார். அப்பாவுக்குப் புரியவில்லை.

"ரவிக்கை தைக்கறதுக்கு எதுக்குக் கண்ணு காலேஜு?"

"தைக்கறதுக்கு இல்லீங்கப்பா. எதைத் தைக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகப் பின்னால் நிறையப் பட்டேன். அப்பா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு நான்காம் நாள் தானே பஸ் ஏற்றிவிட்டார்.

படிப்பு முடிந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து படம் வரும், அளவு வரும், எந்த இடத்தில் எந்தப் பட்டன் என்பதும் வரும். அதைப் பார்த்து அப்படியே தைத்து அனுப்ப வேண்டும். ஆறு ஆண்டுகள் செய்தார். ஒருநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து, "பொட்டி பொட்டியா அனுப்பிச்சாச்சு. ஒரு துணிலயும் என்ற பேரு இல்ல" என்றார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

அக்காவைக் கட்டிய மச்சான் பள்ளி ஆசிரியர். வடவள்ளியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையை அக்காவுக்கு ஒழித்துக் கொடுத்தார். ஒரு வெட்டு மேசை, இரண்டு தையல் மெஷின், உதவிக்குத் தையல்காரர் ருக்குமணி. அக்காவின் தொழில் இவ்வளவில் தொடங்கியது. அவர் பெயர் பொறித்த சின்ன லேபிள் சுருள் ஒன்று மேசை இழுப்பறையில் இருந்தது. முதல் உடுப்பு தயாராவதற்கு முன்பே அது தயாராகிவிட்டது.

அடுத்தது சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் அக்காவின் கதை நகராது. என் திருமணத்தில் இணைச்சீர் செய்ய வேண்டியவர் அக்கா. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் சேலை வைத்த மூங்கில் பேழையைத் தலைமேல் தாங்கி மணமேடைக்கு வருவது எங்கள் வழக்கம். அன்றைக்கு உடுத்தும் பட்டு ரவிக்கையை அக்கா தானே வடிவமைத்தார். கை ஒட்டப் பிடித்து, முதுகில் கொடி வேலையோடு, பார்க்க அவ்வளவு அழகு. இந்தத் தொழிலில் விலையுயர்ந்த துணியில் கத்தரி வைப்பதற்கு முன் மலிவான துணியில் ஒன்று வெட்டித் தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகவே மற்றவர்கள் எங்கள் மாதிரி ஆட்களிடம் காடா வாங்கிப் போவார்கள். எங்கள் வீட்டிலோ அது மலைபோல் குவிந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து தரை துடைத்த துணி என்பதால் அதற்கு ஒரு மதிப்பே இல்லை. "என்ற அளவு எனக்குத் தெரியாதா" என்று நேரே பட்டில் வெட்டிவிட்டார்.

மண்டபத்தில் பேழையைத் தலைக்கு மேல் தூக்கினார். அக்குள் பக்கம் டர்ரென்று கிழிந்தது. மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தியிருந்த நேரம், அதனால் மூன்றாம் வரிசை வரை கேட்டது. அக்கா கையை இறக்கவில்லை. மச்சான் தன் மேல்துண்டை எடுத்து அவர் தோளில் போட, சீரை முழுதாக முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். புது மாப்பிள்ளைத் திமிரில் நான் பின்னாலேயே போய், "ஊர் டைலருகிட்டக் குடுத்திருந்தா இந்த மானக்கேடு உண்டா அக்கா?" என்றேன். அவர் கிழிந்த இடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி முன்னால கையத் தொங்கப்போட்டே நின்னு பாத்திருக்கறன் தம்பி. ஒருக்கா தூக்கிப் பாக்கவே இல்ல."

கோபமோ அழுகையோ அந்தக் குரலில் இல்லை. கணக்கு எங்கே தப்பியது என்று கண்டுபிடித்தவரின் குரல்தான் இருந்தது.

அதன்பின் அந்த முன்னறையில் யார் அளவு கொடுக்க வந்தாலும் இரண்டு கேள்விகள் உண்டு. இதை உடுத்திக்கொண்டு என்ன வேலை செய்வீர்கள்? கை எவ்வளவு உயரம் போகும்? கரும்பலகையில் எழுதும் டீச்சருக்கு ஒரு வெட்டு, ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு ஒரு வெட்டு, தொண்டாமுத்தூரிலிருந்து காய்க் கூடை ஏற்றி வருபவருக்கு இன்னொன்று. எல்லாமே முதலில் காடாவில். வாரம் ஒரு கட்டு எங்கள் தறியிலிருந்து வடவள்ளிக்குப் போனது.

சொந்தமாக டிசைன் செய்ய ஆசைப்பட்டு அவரிடம் கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னார். படம் வரைவதில் ஆரம்பிக்காதீர்கள், யாருக்கு என்பதில் ஆரம்பியுங்கள் என்பார். பருத்தியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டாதீர்கள் என்பார். ஐம்பது மாடல் போடுவதைவிட ஐந்தைப் போட்டு, அவை துவைத்துத் திரும்பி வரும்போது எப்படி இருக்கின்றன என்று பாருங்கள் என்பார். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இது சப்பென்று இருந்திருக்கும். சினிமா, ஷோ என்று எதிர்பார்த்து வந்தவர்கள்.

பெரிய ஜவுளிக்கடை ஒன்று அவருடைய குர்த்தி மாடல்களை மொத்தமாகக் கேட்டது. லேபிள் மட்டும் அவர்களுடையது. வந்தவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, "ஏனுங்க, என்ற பேரு இல்லாம அனுப்பறதுன்னா நான் கம்பெனியிலயே இருந்திருப்பனுங்க" என்று அனுப்பிவைத்தார். எனக்கு ஆறவில்லை. ஒரு பேருக்காக இவ்வளவு பிடிவாதமா என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

பிறகு நோய் வந்தது. வலது மார்பில் அறுவைச் சிகிச்சை. ஊரையே கை தூக்கச் சொன்னவருக்கு வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. சிகிச்சைக்குப் போன இடத்தில் காத்திருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். அங்கே அதே சிகிச்சைக்குக் காரமடையிலிருந்து வந்த சரோஜா அம்மாள் சொன்னது அவரை உலுக்கிவிட்டது.

"ரவிக்கைல கைய நுழைக்க முடியறதில்லீங்க. ரெண்டு வருசமா நைட்டியும் மேல ஒரு துண்டுந்தான். விசேசத்துக்கெல்லாம் போறதில்லீங்க, அம்மணி."

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன். "காடா ஒரு கட்டு கொண்டா தம்பி. கத்தரி புடிக்க ஆளும் வேணும். நீயே வந்துரு."

கழுத்திலிருந்து தோள் வழியாகக் கை நுனி வரை முழுதாகத் திறக்கும் ரவிக்கை. கையை நுழைக்கவே வேண்டாம், துணியைக் கைமேல் போர்த்திப் பிரஸ் பட்டனை அழுத்தினால் போதும். தழும்பு உறுத்தாமல் தையல் மடிப்பு வெளிப்பக்கம். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி சொல்ல, நான் வெட்ட, ருக்குமணி அக்கா தைத்தார். நான் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. ஆறாவது மாதிரி நன்றாகவே பொருந்தியது. சரோஜா அம்மாள் போட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சௌரியமா இருக்குதுங்க. ஆனா ஆசுபத்திரித் துணியாட்ட இருக்குது."

எனக்கு எரிச்சல் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "அவிங்க சொல்றது சரி. பிரிச்சுப்போடு" என்றார். சௌகரியத்தோடு நின்றுவிட்டால் அது டிசைன் இல்லை, உடுத்தியவர் கண்ணாடியை இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. மருந்தின் அசதியில் நாலு வரி பேசினால் இருமல் வரும். அப்படியிருந்தும் பத்து நாள் யோசித்து, தோள்மேல் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டைக் கரை வைத்து, பட்டன் எல்லாவற்றையும் அதற்கடியில் மறைத்தார். இனி அது திறப்பு என்று யாருக்கும் தெரியாது, அலங்காரம் என்றே நினைப்பார்கள்.

காரமடைத் தேருக்கு அதைப் போட்டுக்கொண்டு போன சரோஜா அம்மாள், நேராக வடவள்ளிக்கு வந்தார். அக்கா அப்போது படுக்கையில்.

"கண்ணாடி பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ பாத்தனுங்க."

அக்கா கண்ணை மூடிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுவாரம் அந்த ரவிக்கையின் பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடத்தை, பெரிய தாளில் வரைந்து முடித்தோம். லேபிள் வைக்கும் இடத்தில் அவர் பெயரை எழுதப் போனேன். கையைப் பிடித்தார்.

"அத வெறுமனே உடு."

"ஏனக்கா, ஒரு பேருக்காக அத்தனை சண்டை போட்டயே?"

"அதெல்லாம் நான் வெட்டுனது. இத வெட்டறவிங்க வேற. வெட்டுனவிங்க பேருதான் போடோணும்."

ஒன்பது நாள் கழித்து அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

அவரைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மச்சானுக்கும், மெஷினை ஒருநாளும் நிறுத்தாத ருக்குமணி அக்காவுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், ஏழு மாதிரிகளையும் பொறுமையாகப் போட்டுப் பார்த்து உண்மையைச் சொன்ன சரோஜா அம்மாளுக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உறையில் இருப்பது அந்தப் பேட்டர்ன்தான். பீரோவில் பத்திரப்படுத்த வேண்டாம். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்து வீட்டில் இருந்தால், அவரிடம் கொடுங்கள். முதலில் காடாவில் வெட்டச் சொல்லுங்கள், துணி வேண்டுமென்றால் எங்கள் தறிக்கு வரட்டும். உடுத்தப் போகிறவரின் கை எவ்வளவு உயரம் போகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். தைத்து முடித்ததும் லேபிளில் அவருடைய சொந்தப் பெயரைப் போடச் சொல்லுங்கள். மரியாதைக்காக அக்காவின் பெயரைப் போட்டுவிட வேண்டாம், அவர் பிரிக்கச் சொல்லிவிடுவார்.