இழுத்தால் நிற்க வேண்டும்

டீசல் லாரி கிளம்பவில்லை என்றால் தள்ளிவிட ஊரே வரும். நிற்கவில்லை என்றால்தான் எங்களைத் தேடுவார்கள்.

காரைக்குடியில், அமராவதிபுதூர் போகிற சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு லாரி எஞ்சின்களின் டீசல் பம்பைப் பழுது பார்க்கிறேன். லேத்துக் கடைசல் வேலைக்குக் காதர் அண்ணன் கூட்டாளி. அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்தோம். லாரி வைத்துப் படாதபாடு படுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது. டீசல் வருவதை அடைத்தால்தான் நிற்கும். அதற்காக டிரைவருக்கு முன்னால் ஒரு குமிழ் உண்டு. குமிழை இழுத்தால் ஒரு கம்பி போய், பம்பின் பக்கவாட்டில் இருக்கிற விரல் நீள லீவரை இழுக்கும், டீசல் அடைபடும். குமிழை விட்டால் ஒரு ஸ்பிரிங் லீவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். இவ்வளவுதான். இந்த ‘இவ்வளவுதான்’ என்பதை நம்பித்தான் இத்தனை வருஷமாக எங்கள் கொட்டகை நடக்கிறது.

பதினோராவது துண்டு

எங்கள் ஊர்ச் செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் லாரி வைத்திருந்தார். அதை ஓட்டியவர் இராமையா அண்ணன். ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் திருச்சிக்கும் போவார். அந்த வண்டியில் கம்பி அடிக்கடி அறுந்துபோகும். அறுந்தால் எஞ்சினை நிறுத்த அவருக்கு ஒரு வழிதான் தெரியும்: இறங்கி வந்து மூடியைத் திறந்து, எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் தோளில் கிடக்கிற துண்டைச் சுருட்டித் திணிப்பார். மூச்சு முட்டி எஞ்சின் நிற்கும். சில நாள் துண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்கும்.

ஒருநாள் கொட்டகை வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. “வேண்டாம்ணே, நானே டீசல் குழாயைக் கழற்றி நிறுத்துகிறேன்” என்று சொன்னேன். எனக்குக் குரல் சின்னது. எஞ்சின் சத்தத்தில் அவருக்கு என் வாய் அசைந்தது மட்டும் தெரிந்திருக்கும். அதற்குள் துண்டு உள்ளே போய்விட்டது. எஞ்சின் அடங்கியதும் வெறும் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்: “இதோட பதினொண்ணு தம்பி. இந்த வண்டி டீசல்ல ஓடுதா, துண்டுல ஓடுதான்னே தெரியலை.”

ஆச்சி வீட்டுச் சுவர்

துண்டு இல்லாத டிரைவர்கள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். டாப் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விடுவது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் செத்துவிடும். துண்டு தீர்ந்துபோன ஒரு நாளில் இராமையா அண்ணனும் அதைச் செய்தார். ஆச்சி வீட்டுப் பின்வாசலில், கல் லோடோடு செய்தார். பிரேக்கில் கால் சரியாகப் பதியவில்லை. வண்டி ஒரே எம்பாக எம்பி, புதிதாகப் பூசிய சுவரில் போய் முட்டி நின்றது. சுவரில் ஆள் நுழைகிற ஓட்டை. வண்டியில் அடுக்கியிருந்த கற்களில் பாதி விரிசல்.

எனக்கு ஆள் வந்தது. நான் போனபோது ஆச்சி ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். லாரித் தொழிலைத் தானே நின்று பார்க்கிறவர். அதட்டிப் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். இராமையா அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். பதினாலு வருஷமாக அந்த வீட்டு வண்டிதான் அவருக்குச் சோறு. மூன்று பெண் பிள்ளைகள். ஆச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு வாரம் தாரேன் தம்பி. அதுக்குள்ள இது இழுத்தா நிக்கிற மாதிரி ஆகலைன்னா, டிரைவரையும் மாத்திருவேன், மெக்கானிக்கையும் மாத்திருவேன்.”

லேத்து இழுத்த இழுப்பு

கம்பி அறுவதற்குக் காரணம் கம்பி இல்லை. லீவரில் ஒரு திருகாணி கம்பியை நசுக்கிப் பிடித்திருக்கும். இழுக்கும்போதெல்லாம் அந்த ஒரே இடத்தில் கம்பி மடங்கி மடங்கி நிமிரும். எந்தக் கம்பி தாங்கும்? எண்ணெயும் நம் ஊர்ச் செம்மண் புழுதியும் சேர்ந்து அரைத்ததில் லீவரின் துளையும் நீள்வட்டமாகியிருந்தது. ஸ்பிரிங்கோ தொய்ந்து போய், குமிழை இழுத்தால் இழுத்த இடத்திலேயே நின்றது.

காதர் அண்ணன் துளையைப் பெரிதாக்கிப் பித்தளையில் ஒரு புஷ், அதாவது ஒரு வளையம், கடைந்து இறுக்கினார். அதற்குள் தானாகச் சுழலும் ஒரு குட்டைப் பின். அந்தப் பின்னின் நடுவில் துளையிட்டுக் கம்பியைக் கோத்தேன். இப்போது இழுத்தால் பின் திரும்பும், கம்பி மடங்காது. ஒரு ஸ்பிரிங் போன இடத்தில் இரண்டு போட்டேன், ஒன்று போனாலும் மற்றது தாங்கட்டும் என்று.

“நல்லாத்தான் இருக்கு. தாங்குமான்னு எப்படித் தெரியும்?” என்றார் காதர் அண்ணன். நான் லேத்தைக் காட்டினேன். சுற்றுகிற தலையின் ஓரத்தில் ஒரு போல்ட்டை மாட்டி, அதில் கம்பியைக் கட்டினோம். ஒரு சுற்றுக்கு ஓர் இழுப்பு. முதலில் பழைய மாதிரித் திருகாணி வைத்துப் புதுக்கம்பியைக் கட்டினோம். டீ வந்து ஆறுவதற்குள் அறுந்தது. பிறகு எங்கள் பின்னைக் கட்டினோம். காலையிலிருந்து மத்தியானம் வரை இழுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேருமே சாப்பிடப் போகவில்லை. கடைசியில் கரண்டு போய் லேத்து நின்றது. கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டுக் காதர் அண்ணன் சொன்னார்: “சொக்கு, நம்ம ஊரு கரண்டை விட இது கெட்டிடா.”

ஆச்சி ஏறிய வண்டி

கெடு முடிகிற நாள். மாட்டிக் கொடுத்துவிட்டு நானும் கூடவே போனேன். பின்வாசலில் வண்டியை நிறுத்தி இராமையா அண்ணன் குமிழை இழுத்தார். எஞ்சின் அடங்கப் போனது. கையை எடுத்தார். மறுபடி உறுமியது. இழுத்தார், விட்டார், அடங்கியது, உறுமியது. மூன்றாவது தரமும் அப்படியே. கொத்தனார் பூசி முடித்த சுவர் எதிரே ஈரமாக இருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பழைய ஸ்பிரிங் தொய்ந்தது. இழுத்துவிட்டுக் கையை எடுத்தாலும் குமிழ் வெளியிலேயே நிற்கும். அவர் கைக்கு அதுதான் பழக்கம். என் ஸ்பிரிங் புதுசு. விட்ட உடனே டீசலைத் திறந்துவிடுகிறது. எஞ்சின் முழுதாகச் சாகும்வரை பிடித்திருக்க வேண்டும். கத்திச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஆச்சியின் பக்கத்தில் போய், என் கையை மூடி இழுத்துப் பிடித்து, அப்படியே வைத்துக் காட்டினேன்.

ஆச்சி என் கையைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியின் படியில் ஏறினார். வளையல் கையை உள்ளே நீட்டிக் குமிழை இழுத்தார், விடாமல் பிடித்தார். எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. அந்த அமைதியில் ஆச்சி திரும்பி இராமையா அண்ணனைக் கேட்டார்: “இம்புட்டுத்தானா? இதுக்கா எஞ் செவத்த இடிச்சே?”

கண்டரமாணிக்கத்துப் பயணம்

அதற்குப் பிறகு நிறைய வண்டிகள் வந்தன. திருப்பத்தூர் டிரைவர் ஒருவர் மட்டும், குமிழைப் பிடித்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை, இழுத்துத் திருகினால் குமிழ் வெளியிலேயே நிற்கிற மாதிரி ஒரு பூட்டு வை என்றார். வேண்டாம் என்று தோன்றியது. சொல்லவும் சொன்னேன், என் குரலில். அவருக்குக் கேட்கவில்லை. வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கண்டரமாணிக்கத்தில் வண்டி கிளம்பவே இல்லை என்று ஆள் வந்தது. பையில் இருக்கிற சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். பத்துப் பேர் தள்ளி ஓய்ந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். குமிழ் முந்தின நாள் பூட்டியபடியே, டீசலை அடைத்துக்கொண்டு இருந்தது. ஒரு விரலால் திருகி உள்ளே தள்ளினேன். அவர்கள் திரும்ப ஒரு தரம் வண்டியைத் தள்ளியதும் கிளம்பிவிட்டது. தள்ளியவர்களில் பெரியவர் ஒருவர் என் பையைப் பார்த்துச் சொன்னார்: “இம்புட்டுச் சாமானைத் தூக்கிக்கிட்டு ஏன் வந்தீக தம்பி? அந்த விரலை மட்டும் அனுப்பியிருந்தாப் போதுமே.” அதோடு பூட்டு வைப்பதை விட்டுவிட்டேன்.

பழைய பித்தளை

போன வருஷம் ஆச்சி பழைய லாரியைக் கழித்துவிட்டுப் புது லாரி எடுத்தார். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் தேய்ந்து கழிக்கப்பட்ட வண்டி அது. இராமையா அண்ணன் அதிலிருந்து ஒன்றே ஒன்றைக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். எங்கள் புஷ்ஷும் பின்னும். காதர் அண்ணன் அளவு பார்த்தார், நகத்தளவுகூடத் தேயவில்லை. அவர் அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது லாரியில் அதை மாட்டப் போனபோது, வண்டி விற்ற இடத்திலிருந்து வந்திருந்த பேண்ட் போட்டவர் தடுத்தார். கம்பெனி சாமானில் வெளியாள் கை வைக்கக் கூடாதாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. ஆச்சி சொன்னது கேட்டது: “எஞ் செவத்த இடிச்சது உங்க கம்பெனி சாமான். அதுக்கப்புறம் இடிக்காம வச்சிருக்கது இந்தத் தம்பி சாமான். நவுந்துக்கிடுங்க, அவுக மாட்டட்டும்.”

எஞ்சின் நின்றால்தான் என் குரல் நாலு பேருக்குக் கேட்கிறது. எஞ்சினை நிறுத்துகிற வேலையில் நான் இவ்வளவு கெட்டியாக இருப்பதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.