கேன் தண்ணீர் குடித்த மீன்கள்

தண்ணீர் நிரப்பிவிட்டால் மீன்தொட்டியைத் தூக்க முடியாது என்பது என் மனைவிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மைசூர் அக்ரஹாரத்தில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த புதிதில், பக்கத்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த குடும்பம் தங்கள் தொட்டியையும் அதிலிருந்த ஆறு பிளாட்டி மீன்களையும் யாருக்காவது கொடுத்துவிடப் பார்த்தது. நான் யோசிப்பதற்குள் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். சுவரோரம் செங்கல் அடுக்கி, கடப்பாக்கல் போட்டு, தொட்டியை ஏற்றி, குடம் குடமாக ஊற்றினேன். நிரம்பியதும் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இனி இதத் தூக்கிட்டு எந்த ஊருக்குப் போறீங்கன்னு பாக்கறனுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், சேலத்தில் பரோட்டாக் கடையில் மாவு பிசைகிற வேலை, திருப்பூரில் சாயப்பட்டறை, பிறகு கேரளத்தில் ரப்பர்த் தோட்டம். ஓர் ஊரை விட்டுப் போக எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். அவள் ராமாபுரத்துக்காரி, பிறந்த வீட்டில் ஒரே அடுப்பில் இருபது வருஷம் சமையல் பார்த்தவள். என்னோடு வந்த பிறகு அவளுடைய பாத்திரங்கள் சாக்கிலிருந்து முழுதாக வெளியே வந்ததே கிடையாது. மைசூருக்கு வந்து ஒரு பெண்கள் விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். அதற்கு அடுத்து வந்ததுதான் தொட்டி.

எனக்கு வேலை தண்ணீர் கேன் போடுவது. சுத்திகரிக்கிற இடத்தில் நிரப்பி, ஆட்டோவில் ஏற்றி, மாடி மாடியாகச் சுமந்து இறக்க வேண்டும். மூடி கசிகிற கேன்களைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். எங்கள் வளாகத்தில் இருப்பது போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படியும், தலைக்கு ஊற்றினால் முடி நார்போல ஆகிவிடும்.

"நாமளே இந்தத் தண்ணில குளிக்க யோசிக்கறோம். வாயில்லாத ஜீவன் இதுலயே கெடக்கோணுமா?" என்றாள் அவள். அதனால் தொட்டிக்கு முழுக்க முழுக்கக் கேன் தண்ணீர். மனிதர் குடிப்பதற்கென்று நான் தோள் வலிக்கச் சுமந்த தண்ணீர்.

பிளாட்டி விரலின் இரண்டு கணு நீளம்கூட இருக்காது. எங்களிடம் இருந்தவற்றில் சில ஆரஞ்சு, சில சிவப்பு. முதலில் நன்றாகத்தான் ஓடித் திரிந்தன. பிறகு துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று, குளிர்காய்ச்சல் வந்தவர்கள்போல ஆடத் தொடங்கின. ஒன்று செத்தது. தண்ணீர் அழுக்காகிவிட்டதோ என்று அவள் பாதியை இறைத்துவிட்டுப் புதிதாக ஒரு கேன் ஊற்றினாள். இன்னொன்று செத்தது. மறுபடியும் இறைத்து, மறுபடியும் ஊற்றினாள். எவ்வளவு கவனித்தாளோ அவ்வளவு வேகமாகச் செத்தன. ஒவ்வொன்றையும் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

கடைசியில் சிவப்புப் பெண் மீன் ஒன்று மட்டும் மிஞ்சியபோது ஓசூரிலிருந்து என் பழைய கூட்டாளி கூப்பிட்டான். பெயிண்ட் அடிக்கிற வேலை, தங்க அறை உண்டு, கேன் தூக்குகிற பாடு இல்லை. அவளிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"இருக்கறது ஒண்ணு. அதும் போயிருச்சுன்னா போலாமுங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் வண்ண மீன் விற்கிற கடை ஒன்றுக்குக் கேன் போடப் போனேன். கடைக்காரர் நடுவயதுக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். மீன் ஒரே இடத்தில் நின்று ஆடுகிறதே, என்ன சீக்கு என்று கேட்டேன்.

"யாவ மீனு?"

"பிளாட்டி."

"தண்ணி எந்தத் தண்ணி?"

தோளில் இருந்த கேனைத் தட்டிக் காட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"அய்யோ தேவ்ரே. நானே ஒரு கேன வாரம் பூரா வச்சுக் குடிக்கிறேன், நீங்க மீனுக்கு ஊத்துறீங்களா? ஏசியும் போட்டிருக்கீங்களா அண்ணா?" பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். "அதுல இருக்கற உப்பு, சத்து எல்லாத்தயும் எடுத்துட்டுத்தானே கேன்ல ரொப்புறீங்க. பிளாட்டிக்குக் கடினத் தண்ணி வேணும். பக்கெட்டுல வெள்ளையாப் படியுமே, அந்தப் போர் தண்ணி. ஆனா ஒரேயடியா மாத்தாதீங்க, தாங்காது. தினம் ஒரு செம்பு, அஷ்டே, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தபோது அவள் இன்னும் விடுதியிலிருந்து திரும்பவில்லை. தொட்டியின் முன்னால் நின்றேன். அந்த மீன் மூலையில் ஆடிக்கொண்டிருந்தது. வயிறு வேறு உப்பியிருந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பேசாமல் இருந்தாலே போதும். ஓசூர் பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்றுகூட யோசித்தேன். அதற்குப் பிறகு வருவதும் நினைவுக்கு வந்தது. தெரியாத அறை, முந்தி இருந்தவன் விட்டுப்போன பாய், உப்பு வாங்க எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாத முதல் வாரம், மறுபடியும் அவிழ்க்காத சாக்கு. போவதில் எப்போதும் ஒரு துள்ளல் இருக்கும் எனக்கு. அன்று தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

குழாயில் ஒரு செம்பு பிடித்துவந்து மெதுவாக ஊற்றினேன். அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள்.

"என்னங்க அது? போர் தண்ணியா?"

"ஆமா."

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அது தானாச் சாகற வரைக்குமாச்சும் பொறுக்கக் கூடாதுங்களா? அவ்வளவு அவசரமா ஓசூருக்கு?"

கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. செம்பை வாங்கி முகர்ந்து பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் நான் ஊற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தாள். அதற்கடுத்த நாள் நான் வருவதற்குள் அவளே ஊற்றியிருந்தாள்.

சில நாளில் மீனின் வால் விரிந்தது. ஆட்டம் நின்றது. வயிறு மட்டும் வற்றவில்லை. ஒரு காலையில் பாசிக்கு நடுவே, கடுகுக்குக் கண் முளைத்ததுபோல ஏதோ நகர்வதை அவள்தான் பார்த்தாள். பிளாட்டி முட்டையிடாது, குட்டியாகவே போடும். போட்ட குட்டிகளைத் தாயே தின்றுவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் சில போய்விட்டன. ஒரு கசிகிற கேனின் கழுத்தை அறுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு நிரப்பிக் கொடுத்தேன். மிச்சக் குட்டிகளைத் தேநீர் வடிகட்டியால் அதில் மாற்றினாள்.

ஆண் மீன் இல்லாமல் எப்படி என்று கடைக்காரரிடம் கேட்டேன். ஒருமுறை சேர்ந்துவிட்டால் போதும், பெண் மீன் உள்ளே சேமித்து வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் குட்டி போடும் என்றார். வீட்டில் சொன்னேன்.

"பின்னே? ஊர் சுத்தறவனை நம்பி இருக்க முடியுமுங்களா. வெவரமானவ," என்றாள். முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி மறுபடி கூப்பிட்டான்.

"என்னடா, எப்ப வர்ற?"

"வர முடியாது போல. வீட்ல குட்டி இருக்கு."

"குட்டியா? எப்படா? சொல்லவே இல்ல."

மீன் குட்டி என்று சொன்னால் எவ்வளவு நேரம் சிரிப்பான் என்று தெரியும். விளக்கவும் அலுப்பாக இருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வெளியே வளாகத்தில் போர் மோட்டார் போட்டுவிட்டார்கள். அவள் உள்ளிருந்து செம்பை நீட்டினாள். எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.